வெப் சாயில் சர்வே: இல்லினாய் மண்ணில் பனியுகத்தைக் காட்டும் இலவச வரைபடம்

இல்லினாய் மாநிலத்தில் வீடு வாங்கப் போகிறவர்கள், கொல்லையில் தோட்டம் போடுகிறவர்கள், காலடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள், எல்லோரும் ஒரு தடவையாவது திறந்து பார்க்க வேண்டிய இணையச் சேவை இது. பெயர் வெப் சாயில் சர்வே. அமெரிக்க வேளாண் துறையின் கீழ் இருக்கும் என்.ஆர்.சி.எஸ். என்ற இயற்கை வளப் பாதுகாப்பு அமைப்பு 2005-லிருந்து நடத்தி வருகிறது. காசு கிடையாது. கணக்குத் தொடங்க வேண்டாம், மின்னஞ்சல் கொடுக்க வேண்டாம். உங்கள் முகவரியைத் தட்டினால், அந்த இடத்து மண்ணின் பெயர், எத்தனை அங்குலத்துக்குக் கீழே என்ன வகை மண், தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கும், பேஸ்மென்ட்டோடு (நிலத்துக்கு அடியில் அறையோடு) வீடு கட்டலாமா, மக்காச்சோளம் எப்படி விளையும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

நான் மத்திய இல்லினாயில், ப்ளூமிங்டனில் இருக்கிறேன். பிறந்தது கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காட்டில். மண்ணைப் பார்த்தால் கையில் எடுத்து நசுக்கிப் பார்க்காமல் என்னால் நகர முடியாது. அந்தப் பழக்கத்தோடுதான் இந்தச் சேவைக்குள் நுழைந்தேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளே இருக்கும் தகவலுக்கு ஐந்துக்கு ஐந்து. அந்தத் தகவலை எடுக்கும் வசதிக்கு ஐந்துக்கு மூன்று. இன்னொன்றும் உண்டு. இந்த ஊரின் பனியுக வரலாறு கொஞ்சமாவது தெரியாவிட்டால், இந்த வரைபடம் வெறும் எண்களாகத்தான் தெரியும். தெரிந்துவிட்டால் ஒவ்வொரு கோடும் பேசும்.

முதலில் எப்படிப் பயன்படுத்துவது என்று பார்த்துவிடலாம். பச்சைப் பொத்தானை அழுத்தி உள்ளே போனால் ஒரு வரைபடம் வரும். முகவரியைக் கொடுத்து உங்கள் இடத்துக்குப் போய், ஒரு சதுரமோ பலகோணமோ வரைந்து 'இதுதான் நான் பார்க்க வேண்டிய பகுதி' என்று காட்ட வேண்டும். அப்புறம் 'சாயில் மேப்' என்ற தாவலைத் தொட்டால் வான்படத்தின் மேல் ஆரஞ்சுக் கோடுகள் விழும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு குறி இருக்கும்: 152ஏ, 154ஏ, 171பி, 145பி. எண் மண்ணின் பெயரைக் குறிக்கிறது. எழுத்து நிலத்தின் சரிவைக் குறிக்கிறது. ஏ என்றால் கிட்டத்தட்டச் சமதரை, பி என்றால் லேசான சரிவு, சி, டி என்று போகப்போகச் சரிவு கூடும். எங்கள் மெக்லீன் கவுண்டியில் (கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி) இந்த நான்கு எண்கள் திரும்பத் திரும்ப வரும். 152 டிரம்மர், 154 ஃபிளானகன், 171 கேட்லின், 145 சேப்ரூக். எல்லாம் இல்லினாயின் ஓடைகள், சிற்றூர்களின் பெயர்கள். டிரம்மர் என்பது ஃபோர்ட் கவுண்டியில் ஓடும் ஓர் ஓடை. சேப்ரூக் எங்கள் கவுண்டியின் கிழக்கில் இருக்கும் ஒரு சின்ன ஊர்.

பெயரைத் தொட்டால் ஒரு பக்க அளவில் விளக்கம் வரும். பெரும்பாலானவர்கள் அதில் நேராக விளைச்சலுக்கோ வீட்டுக்கோ போய்விடுவார்கள். நான் சொல்வது, முதலில் 'பேரன்ட் மெட்டீரியல்' என்ற ஒரே ஒரு வரியைப் படியுங்கள். இந்த மண் எதிலிருந்து உண்டானது என்று சொல்லும் வரி அது. டிரம்மருக்கு அங்கே என்ன போட்டிருக்கும் தெரியுமா? லோயஸ், அதற்குக் கீழே அடுக்கடுக்கான அவுட்வாஷ். ஃபிளானகனுக்கு: லோயஸ், அதற்குக் கீழே டில். சேப்ரூக்குக்கும் அதேதான், ஆனால் லோயஸ் படிவம் மெலிது. இந்த மூன்று சொற்களிலும் இருப்பது பனிதான்.

டில் என்பது பனிப்பாளம், அதாவது பனியுகத்தில் இந்த நிலத்தை மூடி நகர்ந்த பெரும் பனிக்கட்டி, அரைத்து, கலந்து, அப்படியே விட்டுப் போன மண். கனடாவிலிருந்து மிச்சிகன் ஏரிப் பள்ளத்தின் வழியாக இறங்கி வந்த பெரும் பனி நாக்கு, வழியில் இருந்த பாறையை எல்லாம் சுரண்டிக்கொண்டு வந்தது. களிமண், மணல், கூழாங்கல், சில இடத்தில் குட்டி யானை அளவு பாறை, எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். இங்கே அடியில் இருக்கும் பாறை சுண்ணாம்புக்கல்லும் ஷேலும் மணற்கல்லும்தான். ஆனால் வயல் ஓரங்களில் விவசாயிகள் தூக்கிப் போட்டிருக்கும் கற்களைப் பார்த்தால் சிவப்பும் கறுப்புமாகக் கிரானைட்டும் நைஸ் என்ற பாறையும் கிடக்கும். அவை கனடாவிலிருந்து பனி தூக்கி வந்தவை.

அவுட்வாஷ் என்பது உருகிய தண்ணீர் அரித்துக் கொண்டுவந்து பரப்பியது. தண்ணீர் பிரித்துப் பரப்பியதால் மணல் ஒரு படிவம், வண்டல் ஒரு படிவம் என்று அடுக்காக இருக்கும்.

லோயஸ்தான் மூன்றிலும் எனக்குப் பிடித்தது. கோடையில் பனி உருகும்போது மிசிசிப்பியும் இல்லினாய் ஆறும் கலங்கிப் பெருகி ஓடும். குளிர்காலத்தில் உருகல் நின்றுவிடும், தண்ணீர் வடிந்துவிடும், பள்ளத்தாக்கு முழுக்கப் பொடி வண்டல் காய்ந்து கிடக்கும். பனிப்பாளத்துக்கு முன்னால் மரமோ புல்லோ அதிகம் கிடையாது. மேற்கிலிருந்து வீசிய காற்று அந்தப் பொடியை அள்ளிக்கொண்டு கிழக்கே போய்த் தூவியது. ஒருநாள் இரண்டுநாள் அல்ல, ஆயிரக்கணக்கான ஆண்டுகள். ஈரமான லோயஸை விரல்களுக்கு இடையே தேய்த்துப் பாருங்கள், கரகரப்பு இருக்காது. இடித்துச் சலித்த அரிசி மாவு போல வழுக்கும். கல்லே இல்லாத, ஏர் தடுக்காத, தண்ணீரைப் பிடித்து வைத்துப் பயிருக்கு மெல்ல மெல்லக் கொடுக்கும் மண்.

லோயஸ் ஆற்றங்கரையில் தடிமன், தூரம் போகப் போக மெலிது. பியோரியா நகரம் எங்களுக்கு மேற்கே முக்கால் மணி நேரப் பயணம். அந்த ஊர்ப் பக்கத்து இல்லினாய் ஆற்றுக் குன்றுகளில் இருபது அடிக்கு மேலும் லோயஸ் உண்டு. எங்கள் கவுண்டியின் கிழக்குப் பக்கம் வரும்போது சில அடிகள்தான். 1942-இல் கை ஸ்மித் என்ற மண்ணியலாளர் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து இதை அளந்து, ஆற்றிலிருந்து தூரம் கூடும்போது தடிமன் எந்தக் கணக்கில் குறைகிறது, மண்துகள் எப்படி நுணுகுகிறது என்று வெளியிட்டார். பிற்பாடு அமெரிக்கா முழுவதற்கும் மண் வகைப்பாட்டு முறையை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். அவர் அளந்த அந்தச் சாய்வை வெப் சாயில் சர்வேயில் நீங்களே பார்க்கலாம். மாநிலத்தின் மேற்கிலிருந்து கிழக்காக ஒரே நேர்கோட்டில் இடம் இடமாகத் தொட்டுக்கொண்டே போங்கள். மேற்கே சேபிள், இபாவா என்று பெயர் வரும். ஐந்தடிக்கு மேல் லோயஸ்தான். நடுவில் டிரம்மரும் ஃபிளானகனும். மூன்றடி நான்கடிக்குப் பிறகு கீழே டில்லோ அவுட்வாஷோ வந்துவிடும். இன்னும் கிழக்கே லிவிங்ஸ்டன், இரோக்வாய் கவுண்டிப் பக்கம் போனால் பிரைஸ், ஸ்விகர்ட், கிளாரன்ஸ் என்று முகமே மாறிவிடும். அங்கே லோயஸ் மெலிது, கீழே ஏரிக்களிமண்ணும் களிமண் நிறைந்த டில்லும். பனி நாக்கு மிச்சிகன் ஏரிப் படுகையின் சேற்றை வாரிக்கொண்டு வந்து அங்கே பூசிவிட்டது. மழை பெய்தால் இறங்காது, காய்ந்தால் இறுகிவிடும். வரைபடத்தில் இதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் காரில் போனால் விளைச்சல் ஏன் வேறாக இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிரம்மரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2001-இல் இல்லினாய் சட்டமன்றம் இதை மாநில மண் என்று அறிவித்தது. மாநிலப் பறவை, மாநில மரம் மாதிரி மாநில மண்! இல்லினாயில் 15 லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. வெப் சாயில் சர்வேயில் இதன் குறுக்குவெட்டைப் பார்த்தால் முதல் 14 அங்குலம் கன்னங்கரேல் என்ற மேல்மண். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் நாற்பது அங்குலம் தாண்டும் வரை வண்டல் களிமண். அதற்கும் கீழே அடுக்கான அவுட்வாஷ். அந்தச் சாம்பல் நிறத்தைக் கவனிக்க வேண்டும். ஆண்டில் பல மாதம் தண்ணீரில் ஊறிக் கிடந்ததால், இரும்பு துருப்பிடித்துச் சிவக்க வழியில்லாமல் போனதன் அடையாளம் அது.

பனி விலகிப் போகும்போது தரையைச் சமமாக விட்டுவிட்டுப் போனது. தண்ணீர் வழிந்தோட ஓடைகள் உருவாக நேரம் போதவில்லை. இருபதாயிரம் ஆண்டு என்பது ஓடை வெட்டும் வேலைக்குக் குறைந்த காலம்தான். எனவே பள்ளமான இடங்களில் எல்லாம் தண்ணீர் நின்றது. அந்த ஈரத்தில் ஆளுயரப் புல் வளர்ந்தது. பல அடி ஆழம் வேர் விட்டு, வேர் செத்து, மறுபடி வளர்ந்து, ஈரத்தால் முழுதும் மக்காமல் கறுத்துப்போய்த் தங்கியது. அதுதான் அந்தக் கறுப்பு. லோயஸ் அளித்த சத்து, டில்லில் இருந்த சுண்ணாம்பு, புல் அளித்த கரிமம், நின்ற தண்ணீர், நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன. டிரம்மரில் கரிமப் பொருள் சாதாரணமாக நான்கு சதவீதத்துக்கு மேல் இருக்கும்.

என் ஊர்க் கரிசலும் கறுப்புதான். ஆனால் இரண்டும் வேறு வேறு கறுப்பு என்பது இந்தச் சேவை எனக்குத் தெளிவாக்கிய விஷயம். கரிசலில் கரிமம் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அந்தக் கறுப்பும், கோடையில் கால் நுழையும் அளவு வெடிப்பதும், மழையில் செருப்பைப் பிடுங்குவதும் களிமண் தாது செய்யும் வேலை. அங்கே பாறை இருந்த இடத்திலேயே நெடுங்காலம் சிதைந்து மண்ணானது. இந்தப் பனியுகப் பாளம் எதுவும் அந்தப் பக்கம் வரவில்லை. இங்கே பாறைக்கும் மேல்மண்ணுக்கும் உறவே இல்லை. மேலே இருப்பது எல்லாம் வெளியூரிலிருந்து வந்தது. ப்ளூமிங்டனுக்கு அடியில் பாறையைத் தொட வேண்டுமானால் பல இடங்களில் நூறு அடிக்கும் மேல் தோண்ட வேண்டும்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் வரும் தமிழர்கள் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவன வேலைக்கு வருகிறவர்கள். கொஞ்ச நாளில் வீடு வாங்குவார்கள். பேஸ்மென்ட் உள்ள வீடு. முதல் வசந்தத்தில் மழை பெய்ததும் சம்ப் பம்ப் (பேஸ்மென்ட் குழியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்பு) இராப்பகலாக ஓடும்; ஏன் என்று கேட்பார்கள். வெப் சாயில் சர்வேயில் 'சாயில் டேட்டா எக்ஸ்ப்ளோரர்' என்ற தாவலுக்குப் போய், கட்டடங்களுக்கான தகுதி என்ற பிரிவில் 'பேஸ்மென்ட் உள்ள வீடுகள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரைபடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறும். டிரம்மர் இருக்கும் இடமெல்லாம் சிவப்பு. காரணத்தையும் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்: தண்ணீர் தேங்குவது, நிலத்தடி நீர் மேலே நிற்பது, மண் உப்பிச் சுருங்குவது. இயல்பான நிலையில் டிரம்மரில் வசந்த காலத்து நீர்மட்டம் தரையிலிருந்து ஓர் அடிக்குள்ளேயே வந்துவிடும். ஃபிளானகனில் ஓரடிக்கும் இரண்டடிக்கும் இடையில். பேஸ்மென்ட்டின் ஆழம் எட்டடி. கணக்கு அவ்வளவுதான்.

அதற்காக டிரம்மர் மேல் இருக்கும் வீட்டை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் பாதி ஊரில் யாரும் குடியிருக்க முடியாது. சுவரைச் சுற்றி வடிகுழாய் இருக்கிறதா, பம்புக்கு மின்சாரம் போனால் ஓட பேட்டரி இருக்கிறதா, வீட்டைச் சுற்றிய தரை வெளிப்பக்கம் சாய்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுத்தவர் இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் இந்த வரைபடத்தைப் பார்த்திருந்தால் அவர்களே கேட்டிருப்பார்கள்.

வயல்களும் இதே தண்ணீரோடு மல்லுக்கட்டியவைதான். முதலில் வந்த குடியேறிகள் இந்தப் புல்வெளியைப் பயன்படாத சதுப்பு என்று ஒதுக்கிவிட்டு மரங்கள் இருந்த மேட்டு ஓரங்களில் குடியிருந்தார்கள். மலேரியா வேறு. 1837-இல் இல்லினாயில் கிராண்ட் டிட்டூர் என்ற ஊரில் ஜான் டீர் செய்த எஃகுக் கலப்பைதான் ஒட்டிக்கொள்ளும் இந்த மண்ணைப் புரட்டியது. ஆனால் கலப்பை தண்ணீரை வடிக்காது. 1870-களின் இறுதியில் வடிகால் சட்டங்கள் வந்த பிறகுதான் சுட்ட மண்குழாய்களை மூன்று நான்கடி ஆழத்தில் வரிசையாகப் புதைத்துத் தண்ணீரை ஓடைக்கு விட்டார்கள். டைல் என்பார்கள். இன்று பிளாஸ்டிக் குழாய். இன்றும் இந்த வரைபடத்தில் டிரம்மருக்கு நேரே விவசாயத் தகுதி என்ன என்று பார்த்தால், 'வடிகால் இருந்தால் முதல்தர நிலம்' என்றுதான் இருக்கும். ஃபிளானகனுக்கு அந்த நிபந்தனை இல்லை. இந்த ஒரு வரி எனக்கு மிகவும் பிடிக்கும். உலகத்தின் மிக வளமான மண்களில் ஒன்று நிலத்துக்கு அடியில் ஓடும் குழாய்களை நம்பி இருக்கிறது. அந்தக் குழாய்களில் தண்ணீரோடு நைட்ரேட்டும் கரைந்து மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடா வரை போகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பனி விட்டுச் சென்ற சமதரையின் கணக்கு அங்கேதான் முடிகிறது.

வரைபடம் சொல்வது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கவும் செய்தேன். ஊருக்கு வெளியே மக்காச்சோளம் போடும் ஒரு விவசாயி பழக்கம். அறுவடை முடிந்ததும் அவர் அனுமதியோடு கையால் திருகும் மண் துரப்பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். (உங்கள் வீட்டுக் கொல்லையில் துளைப்பதாக இருந்தால் முதலில் 811-ஐ அழையுங்கள். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகிறது என்று இலவசமாக வந்து குறித்துவிட்டுப் போவார்கள்.) அவருடைய நிலம் ப்ளூமிங்டன் மொரெய்னின் சரிவில் இருக்கிறது. மொரெய்ன் என்பது பனி நாக்கு ஓரிடத்தில் நெடுங்காலம் நின்று, உருகும் வேகமும் நகரும் வேகமும் சமமாக இருக்கும்போது, முனையில் குவித்துவிடும் மண் மேடு. ப்ளூமிங்டன் மொரெய்னுக்கு எங்கள் ஊர்ப் பெயரே. பிராங்க் லெவரெட் என்ற நிலவியலாளர் 1899-இல் வெளியிட்ட இல்லினாய் பனி நாக்கு பற்றிய பெரிய நூலில் இந்த மேடுகளை எல்லாம் வரிசைப்படுத்திக் காட்டினார். காரில் போகும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் காற்றாலைகள் வரிசையாக நிற்கும் இடத்தைப் பாருங்கள், பல இடங்களில் மொரெய்ன் முகடுதான்.

மேட்டின் சரிவில் வரைபடம் சேப்ரூக் என்று சொன்ன இடத்தில் துளைத்தேன். கறுப்பு மேல்மண் ஓர் அடி அளவு. அப்புறம் பழுப்பு. இரண்டரை அடியில் துரப்பணம் கறகற என்று கல்லில் உரசியது. டில் வந்துவிட்டது. லேசான இளஞ்சிவப்புச் சாயல். மிச்சிகன் நாக்கு கொண்டுவந்த டிஸ்கில்வா டில் அப்படித்தான் இருக்கும் என்று படித்திருந்தேன். இன்னும் கீழே எடுத்த மண்ணில் நீர்த்த அமிலத்தைச் சொட்டினால் பொங்கியது. பனி அரைத்த சுண்ணாம்புக்கல் இன்னும் கரையாமல் இருக்கிறது. பிறகு மேட்டிலிருந்து இறங்கிப் பள்ளத்துக்கு வந்தேன். நடந்தால் ஐந்து நிமிடம். வரைபடம் டிரம்மர் என்கிறது. துளைத்தால் முழங்கால் ஆழம் வரை கறுப்பு, கல்லே இல்லை, அப்புறம் அந்தச் சாம்பல். கோடு வரைபடத்தில் எங்கே போனதோ கிட்டத்தட்ட அங்கேயேதான் தரையிலும் நிறம் மாறியது. விமானத்தில் எடுத்த படத்தையும் நடந்து துளைத்ததையும் வைத்து யாரோ எப்போதோ வரைந்த கோடு. அந்த மண் ஆய்வாளர்கள் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

இந்தச் சேவையை வைத்துச் செய்யக்கூடிய இன்னொரு நல்ல பயணம் தெற்கே போவது. நெடுஞ்சாலை 57-இல் மட்டூன் ஊர்ப் பக்கம் ஷெல்பிவில் மொரெய்ன் வருகிறது. கடைசிப் பனியுகத்தில், சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன், பனி அதிகபட்சமாக வந்து நின்ற எல்லை அது. அதைத் தாண்டி எஃபிங்கம் பக்கம் இறங்கியதும் வயலின் நிறம் வெளுத்துவிடும். உழுது போட்ட காலத்தில் போனால் கண்கூடாகத் தெரியும். கைபேசியில் (கடைசியில் சொல்லப்போகும் சாயில்வெப்பில்) மண் பெயரைப் பார்த்தால் சிஸ்னே, ஹாய்ல்டன். அங்கேயும் டில்தான், ஆனால் அதற்கு முந்தைய பனியுகத்துடையது. ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் வந்துபோன பனி. அது போன பிறகு, அடுத்த பனி வருவதற்குள் கிடைத்த நீண்ட இடைவெளியில், மழை அந்தத் தரையின் சுண்ணாம்பை எல்லாம் கழுவிவிட்டது, களிமண்ணைக் கீழே இறக்கிக் கெட்டியாக்கிவிட்டது. அந்தப் பழைய மண்ணுக்குச் சங்கமன் என்று பெயர். லெவரெட்தான் அதற்கும் பெயர் வைத்தவர். அதன் மேல் மெலிதாகக் கொஞ்சம் லோயஸ் விழுந்து, இன்று உழுகிற மண் உண்டானது. அமிலத்தன்மை அதிகம், கரிமம் குறைவு, அடியில் தண்ணீர் இறங்காத களிமண் தட்டு. ஒரே மாநிலம், ஒரே மக்காச்சோளம், சில மணி நேரப் பயணம். எந்தப் பனி கடைசியாக வந்தது என்பதுதான் வித்தியாசம். இதை நான் பார்த்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அலுக்கவே இல்லை.

பனி தொடாத மூலையும் மாநிலத்தில் உண்டு. வடமேற்கில் ஜோ டேவிஸ் கவுண்டி, கலீனா ஊர்ப் பக்கம். இல்லினாயின் உயரமான இயற்கை மேடான சார்லஸ் மவுண்ட் அங்கேதான் இருக்கிறது, 1,235 அடி. அங்கே சாயில் மேப்பைத் திறந்தால் சரிவு எழுத்துகள் சி, டி, எஃப் என்று எகிறும்; சில மண்களில் லோயஸுக்குக் கீழே நேராகப் பாறையே வந்துவிடும்.

இனிக் குறைகள். பக்கங்களின் அமைப்பு புதியவர்களை மிரட்டும். தாவலுக்குள் தாவல், அதற்குள் மடிப்பு, மடிப்பைத் திறந்தால் இன்னும் பத்து மடிப்பு. பெரிய திரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய சேவை இது, கைபேசிக்கு ஏற்றதல்ல. அளவுகள் எல்லாம் அங்குலம், அடி, ஏக்கரில். விளக்கங்கள் மண்ணியல் படித்தவர்களுக்காக எழுதியவை. பேரன்ட் மெட்டீரியல் வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம், பனி எங்கிருந்து வந்தது என்று ஒரு பத்தி, இவ்வளவு போட்டிருந்தால் போதும். எத்தனையோ பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயன்படுத்துவார்கள்.

அடுத்தது அளவுகோல். இந்த வரைபடங்கள் 1:12,000-லிருந்து 1:24,000 வரையான அளவில் வரையப்பட்டவை. ஒன்றரை ஏக்கருக்குக் குறைந்த துண்டை அதில் காட்டவே முடியாது. பல இடங்களில் அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் காட்டியிருப்பார்கள். வீட்டு மனை கால் ஏக்கர். நீங்கள் மிகவும் நெருங்கிப் பெரிதாக்கினால் 'இந்த அளவில் வரைபடம் செல்லாமல் போகலாம்' என்ற எச்சரிக்கை படத்தின் மேலேயே வந்துவிடும். நேர்மையான ஏற்பாடு. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் பெயருக்குரிய மண் எத்தனை சதவீதம், கலந்து கிடக்கும் மற்ற மண் எத்தனை சதவீதம் என்றும் போட்டிருப்பார்கள். அதையும் படியுங்கள்.

ஊருக்குள் இன்னொரு சிக்கல். புதிதாகக் கட்டிய குடியிருப்புகளில் 802பி என்று போட்டு ஆர்தென்ட்ஸ் என்று இருக்கும், அல்லது 533, நகர்ப்புற நிலம். புல்டோசர் புரட்டிப் போட்ட மண் என்று அர்த்தம். சில இடங்களில் வரைபடம் வீடுகள் வருவதற்கு முன் வரைந்ததாக இருக்கும். அதில் டிரம்மர், ஃபிளானகன் என்று அழகாக எழுதியிருக்கும். ஆனால் வீடு கட்டியவர்கள் மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டு, அடித்தளம் தோண்டிய டில்லைப் பரப்பி, அதன் மேல் நாலு அங்குலம் மண் தூவிப் புல்தரை விரித்திருப்பார்கள். கத்தரிச்செடி வேர் விட்டதும் டில்லில் முட்டி நின்றுவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புல் வேர்விட்டு உண்டாக்கிய மேல்மண்ணை ஒரே நாளில் லாரியில் ஏற்றி விற்பது எனக்கு ஆறவே ஆறாத விஷயம். மாநிலத்தில் ஒரு காலத்தில் 2.2 கோடி ஏக்கர் புல்வெளி இருந்தது. உழவு படாமல் எஞ்சியிருப்பது சில ஆயிரம் ஏக்கர்தான். எங்கள் கவுண்டியில் வெஸ்டன் என்ற இடத்தில் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் ஐந்து ஏக்கர் மிஞ்சியிருக்கிறது. கோடையில் போய்ப் பாருங்கள். இந்தக் கறுப்பு மண்ணை உண்டாக்கிய புல் எப்படி இருந்தது என்று அங்கேதான் தெரியும்.

தோட்டத்துக்கு உரம் எவ்வளவு போடலாம் என்று இந்தச் சேவையைக் கேட்காதீர்கள். உங்கள் மனையின் பாஸ்பரஸும் பொட்டாசியமும் அதற்குத் தெரியாது. மண்ணை எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும்.

கைபேசியில் பார்க்க வேண்டும் என்றால் சாயில்வெப் இருக்கிறது. டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் என்.ஆர்.சி.எஸ்.ஸும் சேர்ந்து செய்தது. தரவு அதேதான். நீங்கள் நிற்கும் இடத்தின் மண் பெயரை உடனே சொல்லும், குறுக்குவெட்டை நிறத்தோடு வரைந்தும் காட்டும். காரில் பயணம் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இதைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் பேஸ்மென்ட், வடிகால், விளைச்சல் போன்ற நிற வரைபடங்களுக்கு வெப் சாயில் சர்வேக்குத்தான் திரும்பி வர வேண்டும்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. வீடு பார்க்கப் போகிறவர்கள் மேலே 'ஷாப்பிங் கார்ட்' என்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பக்கத்திலேயே இலவசம் என்று எழுதியிருக்கும். நீங்கள் பார்த்த வரைபடம், மண் விளக்கம், பேஸ்மென்ட் நிற வரைபடம் மூன்றையும் அதில் சேர்த்து எடுத்தால் பி.டி.எஃப். அறிக்கையாக வந்துவிடும். அதை அச்சடித்து, வீட்டைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்து, டிரம்மர் என்று இருந்தால் வடிகுழாயும் சம்ப் பம்பும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுத்தில் கேளுங்கள்.